மொடமொட நோட்டின் கதை

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. வருஷக் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட், நடுவில் ஊரில் ஒரு கல்யாணம். இந்த விஷயத்தை மட்டும் எழுதியே தீரவேண்டும் என்று மனசுக்குள் கிடந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சந்தாபுரா தெரியாதவர்களுக்கு: பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா எல்லாம் தாண்டியதும் வருகிற ஊர். ஆனேக்கல் ரோடு பிரிகிற இடம். ஓசூர் எல்லையை எட்டிப் பார்த்துவிடலாம். துபாயிலும் டொராண்டோவிலும் இருந்து படிக்கிறவர்கள், 'இவளெல்லாம் வெளியூர்க்காரியா' என்று சிரிப்பது கேட்கிறது. சிவகாசியிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவள் நான். பஸ் போர்டில் எழுத்து மாறிவிட்டால் அது வெளியூர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 செப்டம்பரில் பெங்களூரில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் எல்லாம் டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. எங்கள் பக்கத்து ஷீட் வீடுகளைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. அங்கேயும் தண்ணீர் புகுந்தது.

அடுத்த பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். கீரை விற்கிற ஒரு வயசான அம்மா கிளைக்கு வந்தார். பாலக்கோடு பக்கத்துக்காரர். தமிழ் பேசுகிற ஆபீசர் நான் ஒருத்திதான் என்பதால் நேராக என் மேஜைக்கு வந்துவிடுவார். மடியிலிருந்து ஒரு பால் கவரை எடுத்து வைத்தார். கழுவிக் காயவைத்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்ட பால் கவர். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்கு கீழே வைத்திருந்தாராம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

உள்ளே பதினேழாயிரம் ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாள் 22, நூறு ரூபாய்த் தாள் 60. இருந்தது என்று சொல்லவேண்டும். மழைத் தண்ணீர் கவரின் வாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. போன தண்ணீரைக் கவர் வெளியே விடவில்லை. மூன்று மாசத்துக்கு மேல் ஊறி, கறுத்து, ஓரமெல்லாம் பூஞ்சை. எங்கள் கேஷியர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். தொட்டுப் பார்த்துவிட்டு "ஆகல்ல மேடம்" என்று தலையாட்டினார்.

நானும் அவரும் மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நைந்த நோட்டுக்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவானது. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் என்றால், மிஞ்சியிருக்கும் பெரிய துண்டின் பரப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 வரை பாதி. 40க்குக் கீழே ஒன்றும் இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தோம். ஐந்நூறில் 9 முழுசு, 8 பாதி, 5 பூஜ்யம். நூறில் 20 முழுசு, 25 பாதி. மீதி 15 நூறு ரூபாய்த் தாளும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்க முடியாமல் ஒட்டியதைக் கிளையில் வாங்கக்கூடாது. நிருபதுங்கா சாலையில் இருக்கிற ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும்.

கடைசியில் அந்த அம்மா கையில் வந்தது 9,750 ரூபாய்.

அவர் அழவில்லை. பால் கவரை எடுத்து உதறினார். கவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அன்றைக்கு வாங்கினது மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏன் கண்ணு, கவரு அப்படியே கெடக்குது, காசு மக்கிப்போச்சு. இந்தக் கவருலயே நோட்டு அடிச்சா என்னங்கறேன்?"

நான் பி.காம். டெபிட், கிரெடிட் கேட்டால் சொல்வேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. "அடிக்கலாம்மா, வெளிநாட்டுல எல்லாம் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் கீழே.

கவரில் ஏன் அடிக்க முடியாது

முதல் காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது. நோட்டு பிரிக்கும் இயந்திரம் எந்த நோட்டைப் புழக்கத்துக்கு விடலாம், எதை ஒதுக்கவேண்டும் என்று பார்க்க ரிசர்வ் வங்கி அளவுகோல்கள் வகுத்திருக்கிறது. 2022 ஜூலையில் அவற்றைப் புதுப்பித்தார்கள். அழுக்கு, கறை, ஓட்டை, கிழிசல், மடங்கிய மூலை, கிறுக்கல், ஒட்டுப்போட்டது என்று பட்டியல் போகும். அதில் ஒன்று, நோட்டு துவண்டு போயிருப்பது. அதாவது விறைப்பு போய்விட்டால், கிழியாமல் இருந்தாலும் அந்த நோட்டுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும்.

விறைப்பு என்றால் புது நோட்டின் மொடமொடப்பு. துவண்ட நோட்டை எண்ணும் இயந்திரம் இரண்டிரண்டாக இழுக்கும். ஏடிஎம்மில் சிக்கும். கையில் வாங்கினால் நமக்கே ஒரு சந்தேகம் வரும். கள்ள நோட்டை முதலில் கண்டுபிடிப்பது கண்ணைவிட விரல்தான். பால் கவரில் நோட்டு அடித்தால் அது முதல் நாளே துவண்ட நோட்டு.

சரி, கவரைத் தடிமனாக்கினால்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தாளை வளைக்க எவ்வளவு சிரமம் என்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பாதியானால் எட்டில் ஒரு பங்கு. நோட்டோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் நூறு தாள் கட்டு செங்கல் மாதிரி ஆகிவிடும். தடிமனை ஏற்ற வழியில்லை என்றால், விறைப்பு அந்தப் பொருளுக்கு உள்ளேயிருந்துதான் வரவேண்டும். உள்ளே என்றால் மூலக்கூறு எப்படி அடுக்கியிருக்கிறது என்பதிலிருந்து.

முள்ளுக் கட்டும் ஈர்க்குக் கட்டும்

1933 மார்ச் 27. இங்கிலாந்தில் வின்னிங்டன் என்ற ஊரில் ஐசிஐ கம்பெனியின் ஆய்வுக்கூடம். எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்ற இரண்டு பேர் எத்திலீன் வாயுவை இன்னொரு வேதிப்பொருளோடு பயங்கர அழுத்தத்தில் சூடாக்கினார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலிதீன். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி உற்பத்தி தொடங்கியது. ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த அதே நாள். போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறையாகத்தான் அது முதலில் பெரிதாகப் பயன்பட்டது. கீரைக்கட்டும் பாலும் பிறகு வந்தவை.

ஐசிஐ அதற்கு வைத்த வியாபாரப் பெயர் அல்காத்தீன். நம் ஊரில் கிணற்று மோட்டாருக்குப் போடுகிற கறுப்புக் குழாயை இன்றும் 'அல்காத்தீன் பைப்பு' என்று சொல்கிறோமே, அந்தப் பெயரேதான்! இந்தியாவில் அதன் உற்பத்தி 1959இல் மேற்கு வங்கத்தின் ரிஷ்ராவில் தொடங்கியது.

இந்தப் பாலிதீனின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான கரிம அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. ஆனால் நேர் சங்கிலி இல்லை. அந்த உயர் அழுத்தத்தில் தயாராகும்போது ஆயிரம் கரிமத்துக்கு இருபது முப்பது இடத்தில் கிளை விட்டுவிடும். கருவேல முள்ளை வெட்டிக் கட்டு கட்டியிருக்கிறீர்களா? எவ்வளவு அமுக்கினாலும் நெருங்காது. நடுவில் காற்றுதான் இருக்கும். கிளை விட்ட சங்கிலிகளும் அப்படித்தான். ஒன்றோடொன்று நெருங்கி அடுங்க முடியாது. அதனால் தாள் மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும், நிமிர்ந்து நிற்காது.

1953இல் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்ளர், டைட்டானியம் சேர்ந்த ஒரு வினையூக்கியைக் கொண்டு சாதாரண அழுத்தத்திலேயே பாலிதீன் செய்தார். அதில் கிளை கிட்டத்தட்ட இல்லை. இது ஈர்க்குக் கட்டு. தென்னை ஈர்க்கை அடுக்கிக் கட்டினால் விளக்குமாறு எப்படி இறுக்கமாக நிற்கிறதோ அப்படி. அதே எத்திலீன், அதே கரிமமும் ஹைட்ரஜனும். ஆனால் விறைப்பு மூன்று நான்கு மடங்கு. சந்தையில் கொடுத்துக்கொண்டிருந்த, கையில் எடுத்தால் சரசரவென்று சத்தம் போடுமே ஒரு மெல்லிய பை, அது இந்த வகை. கர்நாடகத்தில் 2016இல் கேரி பேக் வரிசையையே தடை செய்தார்கள். சத்தம் மட்டும் சந்தாபுரா சந்தையில் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

இன்றைய பால் கவர் இரண்டும் கலந்த ரகம். பழைய கிளைச் சங்கிலியோடு, நேர் சங்கிலியில் வேண்டுமென்றே குட்டிக் குட்டிக் கிளை வைத்த இன்னொரு வகையையும் கலக்கிறார்கள். கீழே விழுந்தால் உடையக்கூடாது, ஒட்டினால் பிரியக்கூடாது என்பதுதான் அங்கே தேவை. நிமிர்ந்து நிற்க வேண்டிய அவசியம் பாலுக்கு இல்லை.

மிலான் நகரத்து வாத்தியாரும் அவர் மனைவியும்

சீக்ளரின் வினையூக்கியை எடுத்துக்கொண்டு 1954 மார்ச்சில் இத்தாலியின் மிலான் நகரில் ஜூலியோ நாட்டா என்ற பேராசிரியர் வேறொரு வாயுவில் முயன்றார். எத்திலீனுக்குப் பதில் புரோப்பிலீன். கிடைத்தது பாலிபுரோப்பிலீன். அமெரிக்காவில் பிலிப்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஹோகன், பேங்க்ஸ் இருவரும் 1951லேயே அதைக் கண்டிருந்தார்கள் என்று பிறகு பெரிய வழக்கு நடந்து, 1983இல் அமெரிக்கக் காப்புரிமை அவர்கள் பக்கம் முடிந்தது. ஆனால் அந்தப் பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கவைத்தவர் நாட்டா.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் ஒரு குட்டி வால் தொங்கும். வால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தாறுமாறாகத் தொங்கினால் சங்கிலிகள் அடுங்காது. கிடைப்பது பிசுபிசு என்று ஒரு பசை. எல்லா வாலும் ஒரே பக்கம் இருந்தால் சங்கிலி அழகாகச் சுருண்டு, பக்கத்துச் சங்கிலியோடு பொருந்தி, கெட்டிப் பொருளாகிறது. அணு ஒன்றுகூட மாறவில்லை. பக்கம் மட்டும்தான் மாறியது.

ஒரே பக்கம் வால் இருக்கும் வகைக்கு 'ஐசோடாக்டிக்', தாறுமாறான வகைக்கு 'அடாக்டிக்' என்று கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தவர் நாட்டாவின் மனைவி ரோசிட்டா பியாட்டி. இலக்கியம் படித்தவர். வேதியியல் வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சொல், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பிறந்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு சந்தோஷமாக இருக்கிறது. சீக்ளருக்கும் நாட்டாவுக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டாக் பார்க்கப் போன இடத்தில்

இது வரை புத்தகத்தில் படித்தது. மீதியைக் கண்ணால் பார்த்தேன்.

கடன் கொடுத்த கம்பெனிகளுக்கு அவ்வப்போது போய் சரக்கு இருப்பைச் சரிபார்ப்பது எங்கள் வேலையில் ஒன்று. பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கம் ஒருவர், தின்பண்டக் கம்பெனிகளுக்குப் பாக்கெட் அச்சடித்துக் கொடுக்கிறார். குடோனில் இரண்டு வரிசை ரோல். பட்டியலில் இரண்டும் பாலிபுரோப்பிலீன்தான், விலை வேறு. "ஒரே சரக்குக்கு ரெண்டு ரேட்டா?" என்று என் ஆடிட் புத்தி கேட்டது.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு ரோலிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஒன்று துவண்டு விழுந்தது. இன்னொன்று விறைப்பாக நின்றது, கசக்கினால் கண்ணாடித் தாள் மாதிரி சத்தம் போட்டது. முதலாவது, உருக்கி ஊற்றி அப்படியே ஆறவைத்த தாள். இரண்டாவது, ஊற்றிய பிறகு சூடாக இருக்கும்போதே நீளவாக்கில் நான்கைந்து மடங்கும் அகலவாக்கில் எட்டு ஒன்பது மடங்கும் இழுத்த தாள். இழுத்ததில் விறைப்பு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். இரண்டாவதைத் தொழிலில் பிஓபிபி என்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட், ஒட்டும் டேப் எல்லாம் அதுதான்.

ஏன் இரண்டு பக்கமும் இழுக்கவேண்டும்? அதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் அப்பா சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். பேப்பரை வெட்டும் முன் 'கிரெய்ன்' பார் என்பார். எந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். மூட்டை கட்டுகிற பிளாஸ்டிக் சுதலியைப் பாருங்கள். அதுவும் பாலிபுரோப்பிலீன்தான். ஒரே திசையில் இழுத்தது. நீளத்தில் இழுத்தால் கை அறுந்துவிடும், அறாது. ஆனால் நகத்தால் கீறினால் நார் நாராகப் பிரிந்துவிடும். சங்கிலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அப்படித்தான். இரண்டு பக்கமும் இழுத்தால் கயிற்றுக் கட்டில் பின்னினது மாதிரி. எந்தப் பக்கமும் தாங்கும்.

அன்றைக்கு சரக்கு இருப்பு சரியாக இருந்தது. என் கேள்விக்குப் பாதி விடையும் கிடைத்துவிட்டது. ஏனென்றால் உலகத்தில் பிளாஸ்டிக் நோட்டு என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டு பக்கம் இழுத்த பாலிபுரோப்பிலீன் தாளில் அடித்ததுதான்.

ஆஸ்திரேலியாக்காரர்களின் இருபது வருஷம்

1966 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் கள்ளப் பத்து டாலர் நோட்டு வந்துவிட்டது. அதுவும் சாதாரண அச்சு சாதனங்களைக் கொண்டே அடித்தது. அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் கூம்ஸ், போலீஸை மட்டும் நம்பாமல் விஞ்ஞானிகளையும் கூப்பிட்டார். அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் டேவிட் சாலமன் என்ற வேதியியலாளரின் குழு வேலையில் இறங்கியது. 1988 ஜனவரியில் முதல் பிளாஸ்டிக் பத்து டாலர் வெளிவந்தது. 1996க்குள் எல்லா மதிப்புகளும் மாறிவிட்டன.

அவர்களுக்கு முன்னாலும் முயற்சி நடந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹைட்டி, கோஸ்டாரிகா நாடுகளில் டைவெக் என்ற பொருளில் நோட்டு அடித்தார்கள். அது சீக்ளர் வகை நேர் பாலிதீனின் நார்களை அழுத்திச் செய்த தாள். கிழிக்கவே முடியாது. ஆனால் வெப்ப நாட்டுக் கை வேர்வையில் மை கலைந்துபோனது. நோட்டு என்றால் கிழியாமல் இருந்தால் மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது.

பிறகு கதையில் கொஞ்சம் அசிங்கமும் உண்டு. இந்தத் தாளை வெளிநாடுகளுக்கு விற்ற செக்யூரன்சி நிறுவனத்தில் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கிக்கே பங்கு இருந்தது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2011இல் அதன் மேல் வழக்கு வந்தது. கள்ள நோட்டைத் தடுக்கக் கண்டுபிடித்த தாளை விற்க நல்ல நோட்டை மேஜைக்கு அடியில் கொடுத்திருக்கிறார்கள்!

தமிழ் எழுத்து போட்ட பிளாஸ்டிக்

இதைப் படிக்கிற பலர் பையில் பிளாஸ்டிக் நோட்டு இருக்கும். சிங்கப்பூர் 1990லேயே நினைவு நோட்டாக ஐம்பது டாலரை அடித்தது. பிறகு 2004இல் பத்து, 2006இல் இரண்டு, 2007இல் ஐந்து டாலர் பிளாஸ்டிக்கில் வந்தன. இலங்கை சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு 1998இல் இருநூறு ரூபாயை பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. மொரீஷியஸ் 2013இல் 25, 50, 500 ரூபாய்களை மாற்றியது. (அதே மொரீஷியஸில் 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்து, நோட்டையே திரும்பப் பெறவேண்டி வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள்.) கனடா 2011இல் நூறு டாலரில் தொடங்கியது. இங்கிலாந்து 2016இல் ஐந்து பவுண்டில்.

இங்கிலாந்து நண்பர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். அந்த ஐந்து பவுண்டு தாளில் மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்த ஒரு சேர்மானம் துளி அளவு இருப்பது 2016 நவம்பரில் தெரியவந்தது. மெல்லிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடச் சேர்ப்பது. இந்துக் கோயில்களும் சைவ உணவுக்காரர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. யோசித்துப் பார்த்த இங்கிலாந்து வங்கி, 2017இல் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தது.

பலன் என்ன என்றால், இங்கிலாந்தும் கனடாவும் பிளாஸ்டிக் நோட்டு காகிதத்தைவிட இரண்டரை மடங்கு நாள் உழைக்கும் என்று கணக்குச் சொல்கின்றன.

நம் நோட்டும் பாலிமர்தான்

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆச்சரியம். நம் ரூபாய் நோட்டு மரக்கூழ்க் காகிதம் இல்லை, பருத்தி. பருத்தி என்பது செல்லுலோஸ். செல்லுலோஸும் ஒரு நீளச் சங்கிலி மூலக்கூறுதான், பாலிதீனின் பெரியம்மா பிள்ளை மாதிரி. கிளையே இல்லாத நேர் சங்கிலி. பக்கத்துச் சங்கிலியோடு கைகோத்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். ஆனால் அது கைகோக்கிற அதே இடத்தில் தண்ணீருக்கும் கை கொடுக்கும். ஈரம் புகுந்தால் பிடி தளரும். கஞ்சி போட்ட வேட்டி காலையில் மொடமொடவென்று இருந்து, மத்தியான வேர்வையில் துவண்டு போகிறதே, அந்தக் கதைதான். ஈரம் தங்கினால் பூஞ்சை, கரையான் எல்லாம் விருந்துக்கு வரும். அவற்றுக்கு செல்லுலோஸ் சாப்பாடு. பாலிபுரோப்பிலீன் தண்ணீரைக் கிட்டேயே சேர்க்காது. பூச்சிக்கும் அது சாப்பாடு இல்லை.

ஆக, அந்த அம்மாவின் பதினேழாயிரத்தில் 7,250ஐத் தின்றது மழை மட்டும் இல்லை. மூலக்கூறின் குணமும் சேர்ந்துதான் தின்றிருக்கிறது.

நாம் ஏன் மாறவில்லை? மாறப் பார்த்தோம். 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து ஊர்களில் நூறு கோடி பத்து ரூபாய்த் தாள்களை பிளாஸ்டிக்கில் அடித்துப் பரிசோதிப்பது என்று. வெயில், மழை, குளிர் எல்லாம் வேறுவேறாக இருக்கும் ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2017லும் நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தது. நம் கைக்கு நோட்டு வரவில்லை. பக்கத்தில் வங்கதேசம் 2000இலும் நேபாளம் 2002இலும் பத்து மதிப்புத் தாளை பிளாஸ்டிக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு காகிதத்துக்கே திரும்பின.

நம் ரிசர்வ் வங்கி வேறு வழிகளில் நோட்டைக் காப்பாற்றப் பார்த்தது. நான் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்பு வரை நூறு தாள் கட்டை ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் கட்டுவார்கள். பழைய நோட்டில் இடது பக்கம் பொத்தல் பொத்தலாக இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? 2001 நவம்பரில் பின் அடிக்கக்கூடாது, காகிதப் பட்டைதான் சுற்றவேண்டும் என்று உத்தரவு வந்தது. நோட்டின் ஆயுளைக் கூட்டியதில் அதற்கும் பங்கு உண்டு.

பிளாஸ்டிக்கிற்கும் குறை இருக்கிறது. இழுத்து நிறுத்திய சங்கிலிகள், நல்ல சூடு பட்டால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். சட்டைப் பையில் மறந்து இஸ்திரி போட்டால் நோட்டு சுருங்கிவிடும். ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் கிழிசல் சட்டென்று ஓடும். விலையும் கூடுதல். இன்னொரு குறையை எந்த அறிக்கையிலும் நான் படிக்கவில்லை. அந்த அம்மாதான் கண்டுபிடித்தார்.

போன மாசம் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். அவனிடம் ஒரு இரண்டு டாலர் வாங்கி வைத்திருந்தேன். அந்த அம்மா வந்தபோது எடுத்துக் கொடுத்து, "நீங்க கேட்டீங்களே, கவர்ல அடிச்ச நோட்டு. இதுதாம்மா" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'சிங்கப்பூர்' என்று தமிழில் எழுதியிருப்பதைக் காட்டினேன். ஜன்னல் மாதிரி கண்ணாடியாக இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு எல்லா நோட்டையும் மடிக்கிற மாதிரி நாலாக மடித்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பைக்குள் வைத்தார். கை எடுத்ததும் அது மெதுவாக விரிந்து வெளியே தலையை நீட்டியது. மறுபடி அழுத்தி மடித்தார். மறுபடி விரிந்தது.

"இது சொன்ன பேச்சு கேக்காது போலிருக்குதே கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இருபது வருஷம் விஞ்ஞானிகள் பாடுபட்டுக் கொண்டுவந்த விறைப்பு, ஒரு சுருக்குப் பையில் தோற்றுப்போனது. நோட்டு அடிக்கிறவர்கள் ஏடிஎம்மையும் எண்ணும் இயந்திரத்தையும் நினைத்து அடிக்கிறார்கள். சேர்த்து வைக்கிறவர்களோ மடித்து, சுருட்டி, முடிந்து வைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை மழையில் மக்காத, அதே சமயம் மடித்தால் மடிகிற ஒரு தாள். அது இன்னும் வரவில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வந்து கணக்கில் போட்டுவிட்டுப் போகிறார். பாஸ்புக்கை எதில் வைத்திருக்கிறார் என்கிறீர்கள்? அதே பால் கவரில்தான்.

பின்குறிப்பு: ஒட்டிப்போன அந்தப் பதினைந்து நூறு ரூபாய்க் கட்டி இன்னும் அவரிடமே இருக்கிறது. நிருபதுங்கா சாலைக்குப் போனால் ஒரு நாள் வியாபாரம் போய்விடும் என்று தள்ளிப்போடுகிறார். இப்போதுதான் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ஓடுகிறதே. அடுத்த லீவு நாளில் நானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஊரில் இருக்கிற பெரியவர்கள் எங்காவது சுருட்டி வைத்திருப்பார்கள். இந்த மழைக்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.